தடயம் பேசும்வரை பொறு: ஒரு பேத்தியின் கேள்விக்குப் பதில்

கொஞ்சம் நீளமான பதிவு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நிதானமாகப் படியுங்கள்.

போன வாரம் என் பழைய மாணவர் ஒருவர் குடும்பத்தோடு போலகம் வந்திருந்தார். அவர் மகள் கல்லூரியில் தடயவியல் முதலாண்டு படிக்கிறாள். என்னை 'சார் தாத்தா' என்றுதான் கூப்பிடுவாள். வந்ததிலிருந்து முகம் வாட்டமாகவே இருந்தது. என்னம்மா என்று கேட்டேன்.

"சினிமாவுல பார்த்து ஆசைப்பட்டுச் சேர்ந்தேன் தாத்தா. லேப்ல ஒரு கண்ணாடி டம்ளரைக் கொடுத்து ரேகை எடுக்கச் சொன்னாங்க. நாலு தடவை பண்ணியும் வெறும் தீற்றலாத்தான் வந்துச்சு. அஞ்சாவது தடவைதான் ஏதோ அரைகுறையா வந்தது. ஒரு டம்ளருக்கு ஒரு நாள் போச்சு. இதுல என்ன துப்பு துலக்கப்போறேன்?"

அவளிடம் அன்று திண்ணையில் சொன்னதையும், சொல்லாமல் விட்ட ஒன்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நம் காரைக்கால் பகுதி 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது உங்களுக்குத் தெரியும். வாஞ்சூரைத் தாண்டினால் பிரிட்டிஷ் சட்டம், இந்தப் பக்கம் பிரெஞ்சு சட்டம். இந்திய தண்டனைச் சட்டமே 1963-இல்தான் நமக்கு வந்தது. ஆகவே கதையை நம்மை ஆண்டவர்களின் ஊரான பிரான்சிலிருந்தே தொடங்குகிறேன்.

லியோன் என்று ஒரு நகரம். ரோன் ஆற்றங்கரையில் இருக்கிறது. அங்கே மருத்துவக் கல்லூரியில் தடய மருத்துவப் பேராசிரியராக 1880-இல் பொறுப்பேற்றவர் அலெக்சாந்தர் லகசான். அந்தக் காலத்தில் அந்நகரின் பிணவறை ஒரு கட்டடம்கூட இல்லை. ஆற்றில் கட்டிப்போட்ட ஒரு படகு. மாணவர்கள் அங்கே நின்றுதான் கற்றுக்கொண்டார்கள். பாடப்புத்தகத்தை ஒப்பித்தால் லகசானுக்குப் போதாது. உடலைப் பார்க்க வேண்டும், அளக்க வேண்டும், பார்த்ததை உடனே எழுத வேண்டும். எதை முதலில் பார்ப்பது, எதை அடுத்துப் பார்ப்பது என்று மாணவர்களுக்காகப் படிப்படியாகப் பட்டியலே போட்டுக் கொடுத்தார். ஒன்றும் விட்டுப்போகக் கூடாது என்பதற்காக.

1889 ஜூலையில் பாரிசில் கூஃபே என்ற நீதிமன்ற அலுவலர் காணாமல் போனார். ஆகஸ்டில் லியோனுக்குப் பக்கத்தில் மில்லரி என்ற ஊரில், சாலையோரப் புதரில் ஒரு ஆணின் உடல் அழுகிய நிலையில் கிடைத்தது. அருகே ஒரு பெட்டியின் உடைந்த பாகங்களும் அகப்பட்டன. பாரிசிலிருந்து ரயிலில் வந்த பெட்டி அது. முதல் பரிசோதனை செய்த மருத்துவர், இறந்தவரின் முடி கருப்பு என்று குறித்தார். கூஃபேயின் முடியோ செம்பழுப்பு. கூஃபேயின் உறவினர் வந்து பார்த்தார், இது அவர் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். உடல் புதைக்கப்பட்டது.

பாரிஸ் போலீஸ் அதிகாரி ஒருவர் விடாப்பிடியாக நின்றதால் நவம்பரில் உடல் மீண்டும் தோண்டியெடுக்கப்பட்டு லகசானிடம் வந்தது. அவர் என்ன செய்தார் தெரியுமா? முடியைக் கழுவினார். பல தடவை கழுவினார். அழுக்கும் அழுகலும் போனதும் செம்பழுப்பு நிறம் தெரிந்தது. எலும்புகளையும் சுத்தம் செய்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். வலது கணுக்காலில் பழைய காயத்தின் குறி இருந்தது. அந்தக் காலே மற்றதைவிட மெலிந்திருந்தது. கூஃபே லேசாக நொண்டி நடப்பவர். ஒரு பல் இல்லை, அதுவும் ஒத்துப்போனது. பெட்டிக்குள் இருந்தவர் கூஃபேதான் என்று உறுதியானது. கொலையாளிகள் பின்னர் பிடிபட்டார்கள்.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். முதலில் தவறாகக் குறித்த மருத்துவர் வேறு யாருமில்லை, லகசானிடமே படித்த மாணவர். நல்ல ஆசிரியர், நல்ல கல்லூரி, எல்லாம் இருந்தும் தவறு நடந்தது. ஆனால் அதைத் திருத்த உதவியதும் இன்னொரு மாணவரின் உழைப்புதான். எதியென் ரோலே என்ற மாணவர் தன் ஆய்வுக்காக 50 ஆண்கள், 50 பெண்களின் உடல்களை எடுத்துக்கொண்டு, கை கால் எலும்புகளின் நீளத்தையும் ஆளின் உயரத்தையும் அளந்து 1888-இல் அட்டவணை போட்டிருந்தார். நூறு உடல்கள்! யாருக்கு இது பயன்படும் என்று அன்று யாராவது கேட்டிருக்கலாம். மறு வருஷமே, கூஃபேயின் உயரத்தை எலும்பிலிருந்து கணக்கிட லகசானுக்கு அந்த அட்டவணை கைகொடுத்தது.

என் சார் தாத்தா பேத்திக்கு நான் சொன்னது இதுதான்: "ரோலே நூறு உடம்பை அளந்தாரும்மா. நீ ஒரே டம்ளருக்குச் சலிச்சுக்கறே."

லகசானிடம் பயின்ற இன்னொருவர்தான் எத்மோன் லொகார். 1910-இல் லியோன் நீதிமன்றக் கட்டடத்தின் மேல்மாடியில், பரண் மாதிரியான இரண்டு அறைகளில் போலீஸ் ஆய்வுக்கூடம் தொடங்கினார். ஒரு பொருள் இன்னொரு பொருளைத் தொட்டால் இரண்டிலும் ஏதாவது தடம் மிஞ்சும் என்ற அவருடைய கருத்துதான் இன்றைக்கும் தடயவியலின் அரிச்சுவடி. செம்மண்ணில் நடந்தால் செருப்பில் செம்மண் ஒட்டும், மண்ணில் செருப்புத் தடம் பதியும். நம் ஊர் வயல்காரர்களுக்கு இதைப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். பாரிஸ் போலீஸில் எழுத்தராகச் சேர்ந்த பெர்த்தியோன் என்பவர் 1880-களில் குற்றவாளிகளின் தலை, கை, கால் என்று பதினொரு அளவுகளை எடுத்து அடையாளம் காணும் முறையைக் கொண்டுவந்தார். உலகமே அதைப் பின்பற்றியது. வங்காளப் போலீஸும் எடுத்துக்கொண்டது. ஆனால் அளப்பவர் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தால் ஒரு அளவு, தளர்த்திப் பிடித்தால் வேறொரு அளவு. வங்காளப் போலீஸ் தலைவர் எட்வர்ட் ஹென்றி, கணக்கில் கெட்டிக்கார மாணவர் ஒருவர் வேண்டும் என்று கல்கத்தா பிரசிடென்சி கல்லூரி முதல்வரிடம் கேட்டார். முதல்வர் அனுப்பிய மாணவர் அஜிஸுல் ஹக். அவரும் ஹேமச்சந்திர போஸும் சேர்ந்து பத்து விரல்களின் ரேகைகளை 1024 பிரிவுகளாக வகைப்படுத்தும் கணக்கை உருவாக்கினார்கள். லட்சம் சீட்டுகள் இருந்தாலும் வேண்டிய சீட்டைச் சட்டென்று எடுத்துவிடலாம். 1897-இல் கல்கத்தாவில் விரல்ரேகைக் கூடம் தொடங்கியது. லண்டன் ஸ்காட்லாந்து யார்டுக்கு அது போய்ச் சேர்ந்தது 1901-இல்தான். உலகம் அந்த முறையை ஹென்றியின் பெயரால் அழைக்கிறது. உழைத்த இருவரின் பெயரை நாமாவது நினைவில் வைப்போம்.

நம் பாட்டிமார் குழந்தையின் விரலைப் பிடித்துப் பார்த்து, இத்தனை சங்கு, இத்தனை சக்கரம் என்று எண்ணுவார்களே, நினைவிருக்கிறதா? சுற்றிச் சுற்றி வட்டமாக இருப்பது சக்கரம். ஒரு பக்கம் நுழைந்து அதே பக்கம் திரும்பி வருவது சங்கு. பாட்டி அதில் ஜோசியம் பார்த்தாள். ஹக்கும் போஸும் அதே கோடுகளில் கணக்குப் பார்த்தார்கள். மூன்றாவதாக, வில் மாதிரி மேலே வளைந்து அடுத்த பக்கம் இறங்கிவிடுவதும் உண்டு. அது அபூர்வம், நூறு விரலில் ஐந்து இருந்தால் அதிகம்.

வங்காளத்தில் ஜல்பைகுரி பக்கம் ஒரு தேயிலைத் தோட்ட மேலாளர் கொலையுண்ட வழக்கில், அங்கே கிடந்த பஞ்சாங்கத்தின் மேல் இரத்தக்கறை படிந்த பெருவிரல் ரேகை இருந்தது. அது முன்பு தண்டனை பெற்ற ஒரு பழைய வேலைக்காரனுடைய ரேகையோடு பொருந்தியது. 1898-இல் நீதிமன்றம் என்ன செய்தது? திருட்டுக்குத் தண்டனை கொடுத்தது. கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. அவன் அங்கே இருந்தான் என்று ரேகை சொல்லும். கொன்றான் என்று ரேகை சொல்லாது. தடயம் எவ்வளவு பேசுகிறதோ அவ்வளவுதான் நாமும் பேச வேண்டும். அதற்கு மேல் ஒரு சொல் கூடாது.

சென்னைக்கும் இதில் பழைய பெருமை உண்டு. விஷம் கண்டுபிடிக்கும் இரசாயனப் பரிசோதகர் கூடம் 1849-இலேயே அங்கே ஏற்பட்டது. நூறாண்டு கழித்து, என் தலைமுறையின் வீடுகளில் பெரியவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசிய ஒரு வழக்கு வந்தது. 1952 ஆகஸ்ட் 28 அன்று சென்னையில் ஆளவந்தார் என்ற வியாபாரி காணாமல் போனார். முன்னாள் ராணுவத்தினர். மறுநாள் தனுஷ்கோடி நோக்கிப் போன போட் மெயிலில், இருக்கைக்கு அடியில் இருந்த ஒரு டிரங்குப் பெட்டியிலிருந்து நாற்றம் வருவதாகப் பயணிகள் சொன்னார்கள். மானாமதுரையில் இறக்கித் திறந்தால் தலையில்லாத உடல். (அதே போட் மெயில் இன்றும் மயிலாடுதுறை வழியாகத்தான் ராமேஸ்வரம் போகிறது. உங்களில் பலர் அதில் போயிருப்பீர்கள்.) தலை ராயபுரம் கடற்கரையில் கிடைத்தது.

கூஃபே கதையும் இதுவும் எப்படி ஒன்றுபோல இருக்கின்றன பாருங்கள். அங்கேயும் பெட்டி, ரயில். இங்கேயும் பெட்டி, ரயில். அங்கேயும் முதல் கேள்வி, இது யார் என்பதுதான். சென்னை மருத்துவக் கல்லூரியின் தடய மருத்துவப் பேராசிரியர் சி.பி.கோபாலகிருஷ்ணன் தலையையும் உடலையும் ஆராய்ந்தார். காதில் குத்திய துளை, ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்த கோரைப்பல் என்று சிறு சிறு அடையாளங்கள் கைகொடுத்தன. விரல் ரேகையை ராணுவப் பதிவேட்டில் இருந்த ரேகையோடு ஒப்பிட்டார்கள். பொருந்தியது. நீதிபதி ஏ.எஸ்.பி.அய்யர் முன் நடந்த வழக்கில் பிரபாகர மேனனுக்கு ஏழு ஆண்டும், அவர் மனைவி தேவகிக்கு மூன்று ஆண்டும் தண்டனை கிடைத்தது. ஊரெல்லாம் அந்த வழக்கின் காதல் கதையைப் பேசியது. நான் ஆசிரியனான பிறகு, அந்தப் பல்லையும் காதுத் துளையையும்தான் வகுப்பில் சொல்வேன்.

அடுத்து 1991 மே 21, ஸ்ரீபெரும்புதூர். அந்த இரவை நம்மில் யாரும் மறக்கவில்லை. அப்போது தமிழ்நாடு தடய அறிவியல் துறையின் இயக்குநர் பி.சந்திரசேகரன். குண்டு மாலையில் இருந்ததா, கூடையில் இருந்ததா, மேடைக்கு அடியில் இருந்ததா என்று ஆளுக்கொன்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவரும் அவர் குழுவினரும் அந்த மண்ணில் கிடந்த துணித்துண்டு, கம்பித்துண்டு, சிறு குண்டுமணிகள் எல்லாவற்றையும் பொறுக்கி, பிரித்து, ஒட்டிப் பார்த்தார்கள். ஒரு பெண் தன் உடலில் கட்டிக்கொண்டு வந்த குண்டு அது என்று காட்டினார்கள். 2000-இல் அவருக்குப் பத்மபூஷண் விருது கிடைத்தது. பொறுக்குவதும் பிரிப்பதும் ஒட்டிப் பார்ப்பதும் டம்ளரில் ரேகை எடுக்கும் அதே வேலைதான். அளவுதான் பெரிது.

இப்போது, திண்ணையில் நான் சொல்லாமல் விட்டதைச் சொல்கிறேன்.

1980-களில் நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் கொடிநாள் வசூல் டப்பா காணாமல் போனது. அந்த அறையிலிருந்து கடைசியாக வெளியே வந்தவன் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன். ஏழை வீட்டுப் பிள்ளை. அதற்குமேல் யாருக்கும் சாட்சி தேவைப்படவில்லை. பிரம்படி, முட்டிபோடல், அப்பாவைக் கூட்டிவரச் சொல்லல் எல்லாம் நடந்தது. அழுதுகொண்டே "நான்தான் சார் எடுத்தேன்" என்றும் சொன்னான். எங்கே வைத்தாய் என்றால் பதில் இல்லை. எப்படி இருக்கும்?

பத்து நாள் கழித்து, பழைய விடைத்தாள் கட்டுகளுக்குப் பின்னால் டப்பா அப்படியே இருந்தது. பெரியவர்களில் ஒருவரே வைத்துவிட்டு மறந்திருக்கிறார். அதற்குள் பையன் பள்ளியை விட்டு நின்றுவிட்டான். திருப்பூர்ப் பக்கம் வேலைக்குப் போனதாகக் கேள்வி.

அவனை அடித்தவன் நானில்லை. ஆனால் அன்று காலையில்தான் அதே எட்டாம் வகுப்பில் 'உற்றுநோக்கல், பதிவு செய்தல், முடிவு' என்று கரும்பலகையில் எழுதிப் பாடம் நடத்தியவன் நான். அலமாரியை நன்றாகத் தேடிப் பார்ப்போம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கட்டுகளை நகர்த்தியிருந்தால் போதும், ஐந்து நிமிட வேலை. கூஃபேயின் முடியைக் கழுவிப் பார்க்காத அந்த மாணவரைக் குறை சொல்ல எனக்கு என்ன தகுதி?

அதற்குப் பிறகுதான் இந்தத் துறையைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். மரபணு ரேகை முதல்முதலில் குற்ற வழக்கில் பயன்பட்ட கதை என்னை உலுக்கிவிட்டது. இங்கிலாந்தில் லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் அலெக் ஜெஃப்ரீஸ் 1984-இல் கண்டுபிடித்த முறை அது. அதே பகுதியில் 1983-இலும் 1986-இலும் இரண்டு சிறுமிகள் கொல்லப்பட்டார்கள். 17 வயதுப் பையன் ஒருவன் இரண்டாவது கொலையை ஒப்புக்கொண்டான். முதல் கொலையையும் அவன்தான் செய்திருப்பான் என்று உறுதிப்படுத்திக்கொள்ளப் போலீஸார் ஜெஃப்ரீஸிடம் போனார்கள். பரிசோதனை சொன்னது: இரண்டையும் செய்தவன் ஒரே ஆள்தான், ஆனால் அது இந்தப் பையன் இல்லை. ஒப்புதல் வாக்குமூலம் பொய். பிறகு உண்மையான குற்றவாளி பிடிபட்டு 1988-இல் தண்டனை பெற்றான். ஆக, அந்தப் புதிய அறிவியல் முதலில் செய்த காரியம் ஒரு நிரபராதியை விடுவித்தது. எங்கள் பள்ளிப் பையனும் ஒப்புக்கொண்டான் அல்லவா? அடித்தால் யாரும் எதையும் ஒப்புக்கொள்வார்கள். போலீஸிடம் கொடுத்த வாக்குமூலத்தை வைத்து ஒருவரைத் தண்டிக்க முடியாது என்று நம் சாட்சியச் சட்டம் 1872-லேயே எழுதி வைத்ததன் காரணம் அதுதான்.

இப்போது சட்டமும் இந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின்படி, ஏழாண்டோ அதற்கு மேலோ தண்டனை கிடைக்கக்கூடிய குற்றம் என்றால் தடயவியல் நிபுணர் நேரில் சென்று தடயம் சேகரிக்க வேண்டும். அதை வீடியோவிலும் பதிய வேண்டும். மாநிலங்கள் இதற்கு ஆயத்தமாக ஐந்தாண்டு வரை அவகாசம் உண்டு. இத்தனை இடங்களுக்குப் போக ஆள் வேண்டுமே? இன்றைக்கு டம்ளரோடு போராடும் பிள்ளைகள்தான் நாளைக்கு அங்கே போய் நிற்பார்கள். அவர்கள் அவசரப்பட்டால், எங்கோ ஒரு பையன் செய்யாத குற்றத்துக்கு அடி வாங்குவான்.

வீட்டில் பேரப்பிள்ளைகள் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை இதைச் செய்து பாருங்கள். ஒரு எவர்சில்வர் டம்ளரை நன்றாகத் துடைத்து, பிள்ளையை ஒரு முறை பிடிக்கச் சொல்லுங்கள். முகப்பவுடர் துளி எடுத்து, மெல்லிய முடியுள்ள வண்ணம் தீட்டும் பிரஷால் தூவுங்கள். அழுத்தித் தேய்க்காதீர்கள், பிரஷ் பட்டதும் படாததுமாக இருக்க வேண்டும். கோடுகள் தெரிந்ததும் அவற்றின் போக்கிலேயே லேசாகத் தடவி, அதிகப்படி பவுடரை ஊதாமல் தட்டிவிட்டு, செல்லோ டேப்பை ஒட்டி எடுத்துக் கறுப்புத் தாளில் பதியுங்கள். சங்கா, சக்கரமா என்று பாருங்கள். பேத்தியின் நாலு தடவையும் வீணானதற்குக் காரணம் இதுதான்: பவுடர் அதிகம், அழுத்தமும் அதிகம். அன்று திண்ணையில் மூன்றாவது முயற்சியில் எடுத்துவிட்டாள். சக்கரம்! துள்ளிக் குதித்தாள்.

பிறகு இன்னொன்றும் செய்யுங்கள். வீட்டில் ஐந்து பேரும் அதே டம்ளரைத் தொட்டபின் எடுத்துப் பாருங்கள். ஒன்றின்மேல் ஒன்றாகக் குழம்பி ஒன்றுமே தெரியாது. அப்போது பிள்ளையிடம் கேளுங்கள், "யார் தொட்டது?" என்று. "தெரியவில்லை" என்று பிள்ளை சொன்னால் முதுகில் தட்டிக் கொடுங்கள். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லத் தெரிந்தவர்தான் நல்ல துப்பறிவாளர்.

அந்தப் பையனுக்கு இப்போது ஐம்பது வயது தாண்டியிருக்கும். பெயரை எழுதி அவனை மறுபடியும் சந்தியில் நிறுத்த எனக்கு மனமில்லை. யார் மூலமாவது இந்தப் பதிவு உன் கண்ணில் பட்டால், தம்பி, நீ எடுக்கவில்லை என்று எங்களுக்குத் தெரியும். பத்து நாள் தாமதமாகத் தெரிந்தது. அதை உன் வீட்டுக்கு வந்து சொல்லாமல் விட்டது என் தவறு. மன்னித்துக்கொள்.

படித்தவர்கள் கருத்தைக் கீழே எழுதுங்கள். தகவலில் பிழை இருந்தால் தயங்காமல் சுட்டிக்காட்டுங்கள், திருத்திக்கொள்கிறேன். அடுத்த பதிவில் சந்திப்போம்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் ஆசிரியர்,
போலகம்.